முதலில் உன் கால் அளவை எடு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய மோட்டார் வைத்த கிராவல் சைக்கிள் படங்களைப் பார்த்தேன், அகல டயரும் வளைந்த ஹேண்டில்பாருமாக மண்பாதைக்கென்று செய்த வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் மோட்டாரின் இழுவிசை எவ்வளவு, பேட்டரி எத்தனை வாட்-மணி, எடை எத்தனை கிலோ என்று அழகாகக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். உன் கால் அளவை மட்டும் எங்கேயும் காணோம். கடைசியில் "எதை வாங்கட்டும்மா?" என்று கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது?

மோட்டாரைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் உடம்புக்கு ஏற்ற அளவைப் பேசிவிடுவோம். மோட்டார்தான் இருக்கிறதே, உட்காரும் விதம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஓட்டிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. சாதாரண சைக்கிளில் மிதியை அழுத்துகிறாய் அல்லவா, அந்த அழுத்தமே உன் உடம்பைச் சீட்டிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது. மோட்டார் பாதி வேலையை எடுத்துக்கொண்டால் கால் லேசாகத்தான் மிதிக்கும். அதுவரை கால் தாங்கிய பாரம் சீட்டுக்கும் உள்ளங்கைக்கும் இறங்கிவிடும். மேடு வந்தால் எழுந்து நின்று மிதிப்பாய், அந்தச் சாக்கில் இடுப்புக்கு ஓய்வு கிடைக்கும். மோட்டார் வண்டியில் அதுவும் குறைந்துவிடும், உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். அதோடு, ஒரு மணி நேரத்தில் களைத்துத் திரும்புகிறவள் இனி மூன்று மணி நேரம் போவாய். ஒரு மணி நேரத்தில் தெரியாத கோளாறெல்லாம் மூன்றாவது மணி நேரத்தில் முதுகிலும் மணிக்கட்டிலும் வந்து நிற்கும்.

உனக்கு அச்சு அசல் என் உடல்வாகு. கால் குட்டை, இடுப்புக்கு மேலே நீளம். உயரத்தை மட்டும் கேட்டு "உங்களுக்கு மீடியம்" என்று சொல்லும் அட்டவணை நம்மைப் போன்றவர்களைப் பெரிய ஃபிரேமில் ஏற்றிவிடும். மோட்டார் வைத்த கிராவல் பைக்குகள் சாதாரண கிராவல் பைக்குகளை விடக் குறைவான அளவுகளில்தான் பெரும்பாலும் வருகின்றன. ஆகவே நடுவில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம்.

இன்றைக்கே ஒரு வேலை செய். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் அழுந்துகிற அளவுக்கு நன்றாக மேலே இழுத்துப் பிடி. கூச்சப்பட்டு மெதுவாக வைத்தால் அளவு இரண்டு செ.மீ. குறைந்துவிடும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள். அந்த எண்ணை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் தண்டு சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை வர வேண்டிய உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். கால் அளவு 74 செ.மீ. என்றால் 65 செ.மீ.க்குச் சற்று மேல். இது பழைய ரேஸ்காரர்களின் கணக்கு. தொடங்குவதற்கு நல்ல இடம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். ஷூவின் தடிமன், கிராங்க்கின், அதாவது பெடலைத் தாங்கும் கையின், நீளம் எல்லாம் சேர்ந்து அதை மாற்றும்.

ஃபிரேமில் ஒட்டியிருக்கும் 52, 54 என்ற எண்ணைப் பார்க்காதே. அது செருப்பு நம்பர் மாதிரி, ஒரு கம்பெனியின் ஏழு இன்னொரு கம்பெனியின் ஏழு அல்ல. அளவுப் பட்டியலில் 'ஸ்டாக்', 'ரீச்' என்று இரண்டு எண் இருக்கும். பெடல் மையத்திலிருந்து முன்பக்கக் குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது முதலாவது. அதே இரு புள்ளிகளுக்கு இடையே முன்னோக்கி எவ்வளவு தூரம் என்பது இரண்டாவது. நீ போட்ட கட்டத்தில் இந்த இரண்டையும் சேர்த்துவிடு. ஃபிரேமின் மேல் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் எழுது. சரளைக்கல்லில் சறுக்கி நிற்க வேண்டி வரும்போது இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும், கம்பிக்கும் உனக்கும் நடுவே குறைந்தது நாலைந்து செ.மீ. இடம் வேண்டும். கனமான வண்டி சாயத் தொடங்கினால் நுனிக்காலில் நின்று பிடிக்க முடியாது.

இப்போது நீ ஓட்டுகிற நேர் ஹேண்டில்பார் சைக்கிளின் அளவை அப்படியே கொண்டு போகாதே. வளைந்த ஹேண்டில்பாரில் நீ பிடிக்கும் பிரேக் கொம்பு முன்னால் தள்ளி இருக்கும், கம்பியின் வளைவும் கொம்பும் சேர்ந்து சுலபமாக 10 செ.மீ.க்கு மேல் கூட்டிவிடும். அதே ரீச் உள்ள ஃபிரேமை வாங்கினால் எட்டிப் பிடிக்கக் குனிந்துகொண்டே போவாய். சீட்டின் உயரத்தை மட்டும் அளந்து எடுத்துக்கொள், அது உதவும்.

இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் என்ன செய்வது? உன் உடம்புக்குச் சின்னதை எடு என்பேன். ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை ஒரு செ.மீ. நீளமாக்கலாம், சீட் தண்டை உயர்த்தலாம். பெரிய ஃபிரேமைச் சுருக்க வழி கிடையாது. சின்னதில் ஒரே ஒரு தொல்லை, திரும்பும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் உரசலாம். அகல டயர் போட்ட சின்ன ஃபிரேம்களில் இது சகஜம். அதனால்தான் சில கம்பெனிகள் சின்ன அளவுகளுக்கு மட்டும் 650பி என்ற சிறிய சக்கரம் வைக்கின்றன. கடையில் உட்கார்ந்து ஹேண்டிலை முழுக்கத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி உன் மோட்டார் கேள்வி. பின்சக்கரத்தின் நடுவில் இருப்பது ஒரு வகை, பெடல் தண்டைச் சுற்றி நடுவில் இருப்பது இன்னொரு வகை. பின்சக்கர வகையில் மாலே நிறுவனத்தின் எக்ஸ்20 மோட்டார் 1.4 கிலோதான், 236 வாட்-மணிப் பேட்டரியோடு மொத்த அமைப்பும் மூன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். வண்டி வண்டியாகவே இருக்கும், மோட்டாரை அணைத்தாலும் இழுக்காது. நடுவகை, உதாரணத்துக்கு போஷின் எஸ்எக்ஸ், ஏறத்தாழ 2 கிலோ, பெரும்பாலும் 400 வாட்-மணிப் பேட்டரியோடு வரும். அது உன் கியர் வழியாகவே இழுக்கிறது. செங்குத்தான மேட்டில் சின்ன கியருக்கு மாற்றினால் மோட்டாரும் சுகமாகச் சுற்றும். பின்சக்கர மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகச் சுற்றும், நீண்ட செங்குத்து ஏற்றத்தில் சூடாகித் திணறும். பதிலுக்கு நடுவகை செயினையும் பல்சக்கரங்களையும் சீக்கிரம் தேய்க்கும். பின்சக்கரம் பங்க்சரானால், பின்சக்கர மோட்டார் வகையில் கழற்றி மாட்டுவது கொஞ்சம் கூடுதல் வேலை. அதற்கான கருவி எப்போதும் பையில் இருக்கட்டும்.

நீ போகிற பாதைகள் ஏறி இறங்குகிற மண்பாதைகள். நாள் முழுக்க மலையேற்றம் அல்ல. உன் இடத்தில் நான் என்றால் இலேசான வண்டியைத்தான் எடுப்பேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. 18 கிலோவைத் தோளில் சுமந்து ஏறுவதை நினைத்துப் பார். பேட்டரியைத் தனியே கழற்ற முடியாத ஃபிரேம்களும் உண்டு. அப்படியென்றால் சார்ஜ் போட வண்டியே மேலே வர வேண்டும்.

பேட்டரி எத்தனை தூரம் வரும் என்று விளம்பரம் சொல்வதை விடு, நீயே கணக்குப் போடு. மோட்டார் பேட்டரியிலிருந்து சராசரியாக 100 வாட் எடுத்தால் 250 வாட்-மணி இரண்டரை மணி நேரம் வரும், 400 வாட்-மணி நாலு மணி நேரம். அவ்வளவுதான் சூத்திரம். இன்னொன்று, ஐரோப்பிய விதியில் மணிக்கு 25 கி.மீ. வந்ததும் மோட்டார் ஒதுங்கிவிடும். அமெரிக்காவில் முதல் வகுப்பு வண்டிக்கு அது 20 மைல், அதாவது 32 கி.மீ. எந்த விதிப்படி செய்த வண்டி என்று கேட்டு வாங்கு. சமதளத் தார்ச்சாலையில் தோழிகளோடு 28ல் போகும்போது 25ல் ஒதுங்கும் வண்டியென்றால் அத்தனை எடையையும் நீதான் தள்ள வேண்டும். இதற்காகவே, வாங்குமுன் ஓட்டிப் பார்க்கும்போது முதல் பத்து நிமிடம் மோட்டாரை அணைத்துவிட்டு ஓட்டு. மோட்டார் போட்டால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

மோட்டார் வைத்தால் ஏமாற்று வேலை என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அவர்களை முன்னால் போகச் சொல்.

பில் போடுமுன் பேசி முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்போதைய வண்டிகளில் பிரேக் குழாயும் வயர்களும் ஹேண்டிலுக்குள் புகுந்து ஸ்டெம் வழியாக ஃபிரேமுக்குள் போகின்றன. பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் பல வண்டிகளில் ஸ்டெம்மை மாற்றக் குழாயைக் கழற்ற வேண்டும், பிரேக் எண்ணெயைத் திரும்ப ஏற்ற வேண்டும், அரை நாள் வேலை. ஆகவே ஸ்டெம் நீளம், ஹேண்டில் அகலம் இரண்டையும் வண்டி உன் கைக்கு வருமுன்பே மாற்றித் தரச் சொல். ஹேண்டில் அகலம் தோள் எலும்புகளின் அகலத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தால் போதும். கிராவல் ஹேண்டில் கீழே விரிந்திருக்கும் என்பதால் மேலே பிரேக் கொம்பு இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். கிராங்க் நீளத்தையும் கேள். சின்ன ஃபிரேமிலும் 170 மி.மீ. போட்டு அனுப்புகிறார்கள், உன் காலுக்கு 165 இதமாக இருக்கும். நடுவகை மோட்டாருக்குப் பொருந்தும் கிராங்க் எல்லா நீளத்திலும் கிடைத்துவிடாது, அதனால்தான் இப்போதே கேட்கச் சொல்கிறேன்.

சீட்டைப் பற்றி அப்பாவிடம் கேட்கக் கூச்சப்படுவாய், என்னிடம் என்ன கூச்சம். மெத்தென்ற அகல சீட்டைக் கண்டு மயங்காதே. உட்காரும் எலும்புகள் இரண்டு அதில் அமிழ்ந்துபோய், நடுவில் இருக்கும் மென்மையான இடத்தில் மெத்தை அழுத்தும். எலும்புகள் இரண்டும் சீட்டின் கெட்டியான பாகத்தில் நிற்க வேண்டும், அதற்கு ஏற்ற அகலம் வேண்டும். நெளி அட்டை ஒன்றைக் கடினமான நாற்காலியில் போட்டு, முன்னால் குனிந்து அழுத்தி உட்கார்ந்து எழு. இரண்டு பள்ளம் தெரியும். அவற்றின் மையத்துக்கு மையம் அளந்து எழுதி வை. சராசரியாகப் பெண்களுக்கு இது ஆண்களை விட அகலம், வண்டியோடு வரும் சீட் உனக்கு ஒத்துவராமல் போவதில் ஆச்சரியம் இல்லை. நடுவில் பள்ளம் வெட்டிய சீட் பலருக்கும் ஆறுதல். சீட்டைச் சமமாக வை. முன்னால் அழுத்தினால் சீட்டின் முன்நுனியை ஒரு டிகிரி, இரண்டு டிகிரி இறக்கு. அதற்கு மேல் இறக்கினால் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பாய், கை அந்தப் பாரத்தைத் தாங்கும். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போடு, அதற்குள் வேறு உள்ளாடை போடாதே. தையல் உரசிப் புண்ணாகும்.

உயரம் வைத்த பிறகு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வை. பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி தானாகவே கொஞ்சம் மடங்கியிருக்கும். மடக்கு 25 முதல் 35 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. கொம்பில் கை வைத்தால் முழங்கை கொஞ்சம் வளைந்திருக்கட்டும். உன் விரல் சின்னது; பிரேக் பிடியை உள்ளே கொண்டுவர ஒரு திருகு இருக்கும், அதைக் கடைக்காரரிடம் கேட்டுத் திருப்பிக்கொள். இறக்கத்தில் கீழ்ப்பிடியில் இருந்து ஒரே விரலால் பிரேக் பிடிக்க முடிகிறதா என்று அங்கேயே பார். இந்த ஒன்றில் சமாதானமாகாதே.

முதல் மாதம் உடம்பு சொல்வதைக் கேள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. சுண்டுவிரல் மரத்தால் உள்ளங்கையின் வெளிப்பக்கம் அழுந்துகிறது. கைக்குப் பாரம் கூடிவிட்டது என்று அர்த்தம். கழுத்து பிடித்தால் ஹேண்டில் தூரமாகவோ தாழ்வாகவோ இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, அதுவும் மூன்று, நாலு மி.மீ.க்கு மேல் வேண்டாம். மாற்றுமுன் பழைய இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வை. மரத்துப்போவது இறங்கிய பிறகும் விடவில்லை என்றால் சைக்கிளைத் திருகிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பார்.

டயர் 45 மி.மீ. வரை நுழைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். காற்றைக் கல்லாக அடித்து ஓட்டாதே, உன் எடைக்கு ட்யூப் இல்லாத டயரில் 30 பி.எஸ்.ஐ.க்குள் போதும். மணிக்கட்டு வலிக்கு அதிகக் காற்றும் ஒரு காரணம். பேட்டரி பனியில் உறைந்து கிடக்கும்போது சார்ஜ் போடக்கூடாது. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வை.

கால் அளவு, உட்காரும் எலும்புகளின் அளவு, தோள் அகலம், மூன்றையும் எழுதி அனுப்பு. அந்த வண்டிகளின் ஸ்டாக், ரீச்சும் கூடவே வரட்டும். வெள்ளை நிற வண்டியின் மேல் கம்பி உனக்கு உயரமாகத்தான் இருக்கும் என்று படத்திலேயே எனக்குப் படுகிறது, ஆனாலும் எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கட்டாதே.

அன்புடன்,
அம்மா