சைனஸ் வினாப்படிவம்: நோயாளி பேசும் தமிழ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூக்கடைப்பு, சளி, முகவலி, வாசனை தெரியாமை போன்றவை 12 வாரமாகியும் தீராமல் இருந்தால் அதை நாள்பட்ட சைனஸ் நோய் என்கிறோம். ஸ்கேனில் தெரிவதும் நோயாளி படும் பாடும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. அதனால்தான் ஸ்நாட்-22 என்ற வினாப்படிவத்தைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரத்தை நினைத்து 22 கேள்விகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 110, கூடக்கூடத் தொந்தரவு அதிகம். மதிப்பெண் 8.9 அளவாவது குறைந்தால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரிகிறது என்று 2009இல் வெளியான பிரிட்டன் ஆய்வு கணக்கிட்டது.

தமிழ்ப் படிவம் தயாரிப்பவர்கள் இந்த 8.9ஐ மறக்கக் கூடாது. சொல் தெளிவில்லாமல் நோயாளி ஒரு கேள்வியைச் சிகிச்சைக்கு முன் ஒரு பொருளிலும் பின் வேறு பொருளிலும் படித்து, ஒன்பது கேள்விகளில் ஒவ்வொரு புள்ளி பிசகினாலே முடிவு தலைகீழாகிவிடும்.

முதல் பிசகு மதிப்பெண் சொற்களிலேயே வரும். 2க்கு ‘லேசான’, 3க்கு ‘மிதமான’ என்று எழுதுவது வழக்கம். மிதமான சூடு, மிதமான மழை என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘மிதமான’ என்பதும் குறைச்சல்தான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நோயாளி திணறுவார். ‘நடுத்தரமான’ என்பது தேவலை. சொல்லோடு 0, 1, 2 என்று எண்ணையும் பெரிதாக அச்சிட வேண்டும்.

அடுத்தது, தமிழாக்கத்தை மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்க்கும் சோதனை. தேவையான படிதான், ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ‘பின்நாசி ஒழுக்கு’ என்று எழுதினால் மூல ஆங்கிலம் அச்சு அசலாகத் திரும்பக் கிடைக்கும்; படிக்கும் நோயாளிக்கோ ஒன்றும் விளங்காது. ‘மூக்குச் சளி தொண்டைக்குள் இறங்குவது’ என்றால் உடனே தலையாட்டுவார். ‘மூக்கைச் சிந்துவது’ என்று மட்டும் போட்டால் அழுவதைக் கேட்கிறார்களோ என்று சிலர் நினைக்கலாம். ‘சளியை வெளியேற்ற அடிக்கடி மூக்கைச் சிந்த வேண்டியிருப்பது’ என்று எழுதுவது நல்லது. மூக்கு ஒழுகுவதும் கெட்டிச் சளியும் மூலத்தில் வெவ்வேறு கேள்விகள். இரண்டிலும் வெறுமனே ‘சளி’ என்று போட்டால் ஒன்றாகிவிடும். சங்கடப்படுவதைக் கேட்கும் இடத்தில் ‘அவமானம்’ போட்டால் அளவுக்கு மீறிய கடுமை. ‘வெட்கம்’ என்றால் வேறு பொருளுக்கு இடம் உண்டு. ‘நாலு பேர் முன்னால் கூச்சம்’ என்பதே அருகில் வருகிறது.

தூக்கத்தைப் பற்றிய கேள்விகளில் நுட்பமான ஆபத்து ஒன்று இருக்கிறது. தூக்கம் பிடிக்காதது, நடுவில் விழிப்பது, நல்ல தூக்கம் இல்லாதது, எழும்போதே அசதி ஆகிய நான்கும் தனித்தனி. தமிழில் இவை ஒரே மாதிரி ஒலித்தால் நோயாளி நான்குக்கும் ஒரே எண்ணைச் சுழித்துவிடுவார். அப்போது கேள்விகளின் ஒத்திசைவைக் காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா என்ற புள்ளியியல் எண் கூடுமே தவிரக் குறையாது. 0.7க்கு மேல் இருந்தால் போதும் என்பது பொது அளவுகோல். மோசமான மொழிபெயர்ப்பும் அதைத் தாண்டிவிடும் என்பதால், ஆல்ஃபாவை மட்டும் காட்டி ‘சரிபார்த்தாயிற்று’ என்பதை நாங்கள் ஏற்கவில்லை.

30, 40 நோயாளிகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் ‘இதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேட்பதே உண்மையான சோதனை. படிப்பு குறைந்தவர்கள், முதியவர்கள், நெல்லைத் தமிழ் பேசுபவர்கள், கோவைத் தமிழ் பேசுபவர்கள் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். பிறகுதான் ஒரே நபரிடம் ஒன்றிரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை கொடுத்துப் பார்ப்பதும், மூக்கில் கோளாறு இல்லாதவர்களோடு ஒப்பிடுவதும். அந்த இடைவெளியில் மூக்கு ஸ்ப்ரே தொடங்கிவிட்டால் மதிப்பெண் மாறுவது மருந்தாலா, படிவத்தின் குறையாலா என்று பிரிக்கவே முடியாது. புது மருந்து தொடங்காதவர்களையே எடுக்க வேண்டும்.

வெளிநோயாளிப் பிரிவில் நர்ஸோ மகனோ படித்துக் காட்டிப் பதிலைக் குறிப்பதும் உண்டு. மகன் பக்கத்தில் இருக்கும்போது ‘மனவருத்தம்’ என்ற கேள்விக்கு அம்மா எப்போதும் ‘இல்லை’ என்றே சொல்வார். யார் படித்தது என்பதைப் படிவத்தில் குறிக்க ஒரு கட்டம் வேண்டும். படிப்பவர் தன் சொந்த விளக்கம் சேர்க்கக் கூடாது.

படிவத்தின் உரிமை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது; அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். தமிழ்ப் படிவத்தைப் பற்றி ஆய்வு வெளியிடுகிறவர்கள், எந்தச் சொல்லை நோயாளிகள் தவறாகப் புரிந்துகொண்டார்கள், அதை எப்படி மாற்றினோம் என்ற பட்டியலையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சிலர்,
மதுரை