ஊரடங்குக்கு முந்தைய நாளில் எண்ணெயையும் பருப்பையும் தனியாக விற்க மறுத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
பல்லடம் கிளையின் வாடிக்கையாளர்,
பல்லடம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்.

நாள்: 10.06.2021

பொருள்: 23.05.2021 அன்று தங்கள் பல்லடம் கிளையில் அத்தியாவசிய மளிகைப் பொருட்களைத் தேவையற்ற பொருட்களுடன் சேர்த்துக் கட்டாயப்படுத்தி விற்றது. பணத்தைத் திரும்பப் பெறுவதும் விற்பனை முறையைத் திருத்தக் கோருவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் பல்பொருள் அங்காடியின் பல்லடம் கிளை திறக்கப்பட்ட காலத்திலிருந்து எங்கள் வீட்டு மளிகையை அங்கேதான் வாங்கிவருகிறேன். ஊருக்கு வெளியே உள்ள ஒரு விசைத்தறிக் குடோனில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. குடோனை ஒட்டிய லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்களில் பலரும், நான் சொன்னதன் பேரில் தங்கள் கடைக்கு வரத் தொடங்கியவர்கள். தளர்வில்லாக் கொரோனா ஊரடங்கு தொடங்குவதற்கு முந்தைய நாளான மே 23, ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கிளையில் சமையல் எண்ணெய், துவரம் பருப்பு, சர்க்கரை ஆகிய மூன்றையும் தனியாகத் தர மறுத்துவிட்டார்கள். ரூ.1,650 விலையில் கட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு காம்போவை முழுதாக எடுத்தால் மட்டுமே அவை கிடைக்கும் என்றார்கள். வேறு வழியில்லாமல் நான் அதை வாங்கினேன். வாங்க முடியாதவர்கள் வெறுங்கையோடு திரும்பியதையும் பார்த்தேன். இந்த இரண்டையும் குறித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அன்றைய நிலை தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இந்தப் புகாருக்கு அதுவே அடிப்படை என்பதால் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. மே 10 முதல் ஊரடங்கு நடப்பில் இருந்தபோதும் மளிகைக் கடைகள் திறந்திருந்தன. 15-ஆம் தேதியிலிருந்து அந்த நேரம் காலை 6 மணி முதல் 10 மணி வரை என்று சுருங்கியது. 22-ஆம் தேதி சனிக்கிழமையன்று, திங்கள் முதல் ஒரு வாரத்துக்குத் தளர்வுகள் இல்லாத முழு ஊரடங்கு என்று அரசு அறிவித்து, அதற்கு முன்னதாக மக்கள் வாங்கிவைத்துக்கொள்வதற்காக அன்று இரவு 9 மணி வரையும், மறுநாள் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரையும் எல்லாக் கடைகளையும் திறக்க அனுமதித்தது. காய்கறியும் பழமும் தோட்டக்கலைத் துறையின் ஏற்பாட்டில் வண்டிகளில் தெருவுக்கு வரும் என்ற உறுதி இருந்தது. மளிகைக்கு அந்த முதல் வாரத்தில் அப்படி எதுவும் இல்லை. வண்டிகளில் கொண்டுவந்து விற்கவும், தொலைபேசியில் கேட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் அனுமதி கிடைத்ததே 31-ஆம் தேதியிலிருந்துதான். ஆகவே ஞாயிறு இரவுக்குள் பருப்பும் எண்ணெயும் வாங்காத வீட்டில் ஒரு வாரத்துக்கு அவை இருக்காது என்பது, கடை நடத்தும் தங்களுக்கும் வாங்க வந்த எங்களுக்கும் ஒருசேரத் தெரிந்திருந்தது.

நான் நின்ற வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாக்காரத் தொழிலாளி ஒருவர் நின்றார். தறி நின்றுபோய்க் கூலி இல்லாத நிலையில், சனிக்கிழமை இரவு குடோன் முதலாளி ஆளுக்குக் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். அந்தப் பணத்தோடுதான் அவர் வந்திருந்தார். அவர் கூடையில் கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, ஒரு கிலோ துவரம் பருப்பு, ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் ஆகியவை இருந்தன. பில் போட்ட இளைஞர் பருப்பையும் எண்ணெயையும் மட்டும் எடுத்துத் தம் காலடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, “அண்ணா, இதெல்லாம் செட்டா எடுத்தாத்தானுங்க. தனியா அடிச்சா கம்ப்யூட்டர் எடுத்துக்காதுங்க” என்றார். தமிழ் அரைகுறையாகவே தெரிந்த அந்த மனிதர், காம்போ அடுக்கின் மேல் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தார். பிறகு கையில் மடித்து வைத்திருந்த நோட்டுகளைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் மட்டும் பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வரிசையில் பாவு பிணைக்கும் வேலை செய்யும் வயதான அம்மாள் ஒருவர், “வாசனை டப்பாவெல்லாம் எங்களுக்கு எதுக்குங்க சாமி, பருப்ப மட்டும் குடுங்க, அரிசியும் பருப்பும் பொங்கித் தின்னுட்டு ஒரு வாரத்த ஓட்டிருவோம்” என்று மன்றாடிக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே பதில்தான். இந்தப் பக்கத்து வீடுகளில் வேறொன்றும் இல்லாத நாளில் உலையேறுவது அரிசியும் பருப்பும்தான் என்பது கொங்கு நாட்டிலேயே தொழில் தொடங்கி வளர்ந்த தங்கள் நிறுவனத்துக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பருப்பைத்தான் தாங்கள் பணயமாக வைத்தீர்கள்.

காம்போவில் இருந்தவற்றை வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அட்டையில் அச்சிட்டிருந்த அதிகபட்ச சில்லறை விலையைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு லிட்டர் எண்ணெய் ரூ.360, துவரம் பருப்பு ஒரு கிலோ ரூ.120, சர்க்கரை ஒரு கிலோ ரூ.42, கோதுமை மாவு ஒரு கிலோ ரூ.48 என்று, சமையலுக்கு ஆகக்கூடியவை மொத்தம் ரூ.570. மீதி ரூ.1,080-க்கு இருந்தவை அறைக்கு அடிக்கும் நறுமண ஸ்பிரே, உடம்புக்கு அடிக்கும் ஸ்பிரே இரண்டு, தரை துடைக்கும் திரவம், பெரிய நூடுல்ஸ் பாக்கெட்டுகள், சாக்லேட் சுவையுள்ள பானப்பொடி, பழரசப் பொடி ஆகியவை. பழரசப் பொடியின் காலாவதித் தேதி இந்த ஜூன் மாதக் கடைசியோடு முடிகிறது. அட்டைப்பெட்டியின் மேல் ‘ஊரடங்குச் சிறப்புச் சலுகை’ என்று பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் உள்ளே இருந்தவற்றின் விலையைக் கூட்டினால் சரியாக ரூ.1,650 வருகிறது, ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. எண்ணெய் விலை ஓராண்டாக ஏறிக்கொண்டே வந்து, நடுத்தரக் குடும்பங்களே அளந்து ஊற்றும் நிலையில் இருந்த நேரத்தில், விற்காமல் தேங்கிய சரக்கை எண்ணெயின் முதுகில் ஏற்றித் தள்ளிவிட்டு அதற்குச் சலுகை என்று பெயரும் வைத்தது எனக்குத் தாங்க முடியாத வருத்தத்தைத் தந்தது.

அதே நேரத்தில், காம்போ எடுப்பவர் எத்தனை எடுக்கலாம் என்பதற்கு எந்த வரம்பும் இல்லை. காரில் வந்த சிலர் நாலைந்து பெட்டிகளை டிராலியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரடங்கு ஒரு வாரத்தோடு முடியுமா, நீளுமா என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் நோயாளி இருக்கலாம், கூட்டுக் குடும்பமாக இருக்கலாம். பக்கத்தில் நிற்பவர் இரண்டு எடுப்பதைப் பார்த்தால் நாமும் மூன்று எடுக்கத்தான் கை போகும். காலியான அலமாரியைக் கண்டவர் தேவைக்கு மேல் எடுப்பார், அதனால் அடுத்த அலமாரியும் காலியாகும். இந்த அச்சத்தை வாங்குபவர் தனியாளாக நிறுத்த முடியாது. சரக்கைக் கையில் வைத்திருக்கும் கடையால் மட்டுமே நிறுத்த முடியும். குடும்பத்துக்கு இரண்டு லிட்டர் எண்ணெய், இரண்டு கிலோ பருப்பு என்று வாசலில் ஒரு பலகை வைத்திருந்தால், அன்று கிளையில் இருந்த சரக்கே இரவு வரை வந்த அத்தனை பேருக்கும் போதுமானதாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால் பிற்பகலில் நான் மறுபடி போனபோதும் காம்போ பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எண்ணெய் உள்ளே இருந்தது, விற்பதற்குத்தான் மனமில்லை.

இப்படி வரம்பு வைத்து விற்கத் தங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. சென்ற ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி, சென்னை, கோவை, மதுரை ஆகிய மாநகரங்களுக்கு நான்கு நாளும், சேலம், திருப்பூருக்கு மூன்று நாளும் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்து, மறுநாள் 25-ஆம் தேதி பிற்பகல் 1 மணி வரை என்றிருந்த கடை நேரத்தைக் கூட்டம் தாங்காமல் 3 மணி வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அன்று இதே பல்லடம் கிளையில் வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, டோக்கன் கொடுத்து, பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். எண்ணெய் ஆளுக்கு ஒரு பாக்கெட் மட்டும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அதை எல்லோரும் முணுமுணுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒழுங்கை நம்பித்தான் இந்த ஆண்டும் தங்கள் கடைக்குப் போகுமாறு எங்கள் ஆட்களிடம் சொன்னேன்.

இந்தமுறை டோக்கனும் இல்லை, வட்டமும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு 35,000 பேருக்கு மேல் தொற்று உறுதியாகிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வாரத்திலேயே கோவை மாவட்டத்தின் தினசரி எண்ணிக்கை சென்னையைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாளில், ‘தனியாகத் தாருங்கள்’ என்று கேட்பவருக்கும் ‘தர முடியாது’ என்று சொல்பவருக்கும் இடையே ஒவ்வொரு பில் கவுண்டரிலும் வாக்குவாதம் நடந்து, வரிசை நகராமல், ஆட்கள் தோளோடு தோள் உரசி நின்றார்கள். என் மாமனார் தொற்றிலிருந்து தேறி வந்துகொண்டிருந்ததால், வீட்டுக்குத் திரும்பி அவர் அறைப்பக்கம் போகவே எனக்கு அச்சமாக இருந்தது. பில் போட்ட இளைஞர்களும் அதே நெரிசலில்தான் நின்றார்கள். அவர்கள் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். தனியாகப் பில் போட முடியாதபடி கணினியிலேயே அடைத்திருந்தார்கள் என்றால், அந்த முடிவு கவுண்டரில் நின்றவர் எடுத்ததாக இருக்க முடியாது. கிளை மேலாளரிடம் கேட்டபோது, தலைமை அலுவலக உத்தரவு என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆகவே, இக்கடிதத்தைக் கிளைக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பொருளை வாங்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, அதன் பிரிவு 2(41)-இல் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. இல்லாத சலுகையை இருப்பதாகக் காட்டுவதும், கையில் உள்ள சரக்கை விலை ஏறும்படி விற்க மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறையில் அடங்கும். நோய்க்காலத்தில் அச்சத்தோடு வாங்க வருபவரைக் காக்க வேண்டியது தனிப் பொறுப்பு என்பதை அரசும் காட்டியிருக்கிறது: 2020 மார்ச் 13-ஆம் தேதி முகக்கவசமும் கிருமிநாசினியும் அத்தியாவசியப் பொருட்களாக அறிவிக்கப்பட்டன, 21-ஆம் தேதி மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு 10 ரூபாய், 200 மில்லி கிருமிநாசினிக்கு 100 ரூபாய் என்று உச்சவிலை வைக்கப்பட்டது. பருப்புக்கும் எண்ணெய்க்கும் அப்படித் தனி ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை, மக்களின் அன்றாட உணவை விற்று வளர்ந்த ஒரு நிறுவனத்துக்கு இருக்கக் கூடாது.

இப்போது ஜூன் 7-ஆம் தேதி முதல், தொற்று குறையாத 11 மாவட்டங்களில் ஒன்றான திருப்பூரிலும் மளிகைக் கடைகளைக் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை திறக்க அனுமதி வந்துள்ளது. முந்தாநாள் தங்கள் கிளைக்குப் போனேன். நுழைவாயிலருகே அதே காம்போ அடுக்கு, அதே சலுகைச் சீட்டு. எண்ணெய் தனியாகக் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் அடுத்த அறிவிப்பு வரும் மாலையில் மறுபடி கணினியை அடைத்துவிட எவ்வளவு நேரமாகும்?

ஆகவே, 23.05.2021 அன்று கட்டாயத்தின் பேரில் நான் வாங்கிய, பயன்படுத்தாமல் பிரிக்காமல் வைத்திருக்கும் பொருட்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ரூ.1,080-ஐத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மே 22, 23 ஆகிய இரண்டு நாட்களில் காம்போ வாங்கி, பில் வைத்திருக்கும் எந்த வாடிக்கையாளர் வந்து கேட்டாலும் இதே வாய்ப்பைத் தர வேண்டும். அதற்கான அறிவிப்பைத் தமிழிலும், வெளிமாநிலத் தொழிலாளர்கள் படிக்கும்படி இந்தியிலும் கடை வாசலில் ஒட்ட வேண்டும். ஊரடங்கோ வேறு நெருக்கடியோ அறிவிக்கப்படும் நாட்களில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, மாவு, பால்மாவு ஆகியவற்றைத் தனித்தனியாகவும், குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரம்போடும் மட்டுமே விற்போம் என்று எல்லாக் கிளைகளுக்கும் எழுத்து மூலமாக உத்தரவிட வேண்டும். காம்போ விற்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை, வேண்டுபவர் வாங்கிக்கொள்ளட்டும். குறைந்த பொருட்களோடு வருபவர்களுக்கென ஒரு கவுண்டரைத் தனியாக ஒதுக்கினால், கையில் ஐந்நூறு ரூபாயோடு வருபவர் டிராலிகளுக்குப் பின்னால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்காது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். அதற்குச் சட்டம் இரண்டு ஆண்டுகள் அவகாசம் தருகிறது. இந்த அளவுத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. அன்று வெறுங்கையோடு திரும்பியவர்களில் சிலர் என்னோடு வந்து சாட்சி சொல்லவும் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் பல்லடம் கிளையின் வாடிக்கையாளர்

இணைப்பு: 23.05.2021 தேதியிட்ட பில்லின் நகல்; காம்போ பெட்டி, விலைச்சீட்டு ஆகியவற்றின் புகைப்படங்கள்.