தங்கை போட்ட கோடி

அன்புள்ள மல்லிகா,

அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. அன்று போனில் அழுததோடு சரி, ஒரு வரிகூட நான் எழுதவில்லை. கோபமாக இருப்பாய். உன் கோபம் எத்தனை நாளைக்கு என்று டைப்ரைட்டிங் கிளாஸ் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்கு முட்டிவலி, அதே புலம்பல்.

போன வாரம் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் காட்சிக்கூடத்தில் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் தலையைப் பார்த்தேன். இங்கிலாந்து ராஜா ஏழாம் ஹென்றியின் ராணி, யார்க் எலிசபெத். 1503-இல் பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள், சரியாகத் தன் 37-ஆவது பிறந்தநாளில், லண்டன் டவர் கோட்டையில் கண்ணை மூடியவள். ஊர்வலத்தில் சவப்பெட்டியின் மேல் கிடத்துவதற்காக அவளைப் போலவே ஓர் உருவம் செய்து, கிரீடம் வைத்து, செங்கோல் கொடுத்து, விரலில் மோதிரமும் போட்டிருக்கிறார்கள். அந்த உருவத்தின் தலைதான் அது. எனக்கு அங்கிருந்து நகரவே மனசு வரவில்லை.

வந்து தேடித் தேடிப் படித்தேன். சீப்சைட் தெருவில் வெள்ளை உடுத்திய 37 கன்னிப்பெண்கள், வயதுக்கு ஒருத்தியாக, எரியும் மெழுகுவத்தியோடு நின்றார்களாம். ராஜா அடக்கத்துக்கு வரவில்லை, அங்கே அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். முன்னால் நின்று எல்லாம் செய்தவள் தங்கை கேத்தரின். பூசையின்போது அவளும் மற்றப் பெண்களும் வரிசையாக வந்து பெட்டியின் மேல் பட்டு போர்த்தினார்கள். மல்லி, எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. பிறந்த வீட்டுக் கோடி அல்லவா அது!

அப்புறம் அந்த உருவத்தை எடுத்து அபேக்குள்ளேயே புனிதர் எட்வர்டின் சன்னதிப் பக்கம் வைத்தார்கள். பெண்கள் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். ராணியிடம் வேலை பார்த்தவர்கள் தங்கள் பதவிக் கோல்களை முறித்து உள்ளே போட்டார்கள். கூடப் பிறந்தவள் அதைப் பார்க்கவில்லை.

இதைப் படித்ததிலிருந்து உன் நினைப்புதான். எட்டு வருஷம் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவள் நீ. உன்னைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். நீ போனில் அதைச் சொன்னபோது, "வழக்கம்தானே, விடு" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி. உன்னோடு சேர்ந்து நானும் கோபப்பட்டிருக்க வேண்டும்.

மே மாதம் வருகிறேன். பத்து நாள் உன் வீட்டில்தான். அம்மாவின் அந்த மயில்கழுத்துப் புடவையை யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன்,
சுமதி