சீகையும் பச்சைதான், சோலையும் பச்சைதான்

ஐயா,

செயற்கைக்கோள் படத்தில் பசுமைப் பரப்பு கூடியிருப்பதாக வரும் செய்திகளில் நீலகிரியும் பழனி மலையும் இருந்தால், மகிழ்வதற்கு முன் பச்சையானது எது என்று கேட்க வேண்டும். அந்த மலைகளின் உச்சிச் சரிவுகளில் இயல்பாக இருப்பது புல்வெளி, பள்ளங்களில் சோலை எனும் குட்டையான பசுமைமாறாக் காடு. புல்வெளியில் வாட்டில் எனப்படும் அயல்நாட்டுச் சீகை மரம் ஏறினால், செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிடும் பசுமைக் குறியீடு உயரும். வரையாட்டின் மேய்ச்சல் நிலம் பறிபோகும்.

குறியீட்டின் கணக்கு எளிது. இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சும். இலையின் உள்ளமைப்பு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் அகச்சிவப்பின் அளவிலிருந்து திரும்பி வரும் சிவப்பின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது என்.டி.வி.ஐ. எனும் அந்தக் குறியீடு. வெற்று மண்ணில் 0.1, 0.2 என்றிருக்கும்; அடர்ந்த காட்டில் 0.8-ஐ ஒட்டி வரும். இலை அடர்த்தி ஓரளவைத் தாண்டினால் எண் அதற்கு மேல் ஏறாது. அதனால் சோலை, சீகை, தேயிலை மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

புல்லைப் பிரித்தறியப் பருவம் உதவும். ஜனவரி முதல் மார்ச் வரை உறைபனியிலும் வறட்சியிலும் புல் காய்ந்து எண் சரியும். சீகை பச்சையாகவே நிற்கும். மழை முடிந்த கையோடு எடுத்த படத்திலிருந்து இந்தக் காலப் படத்தைக் கழித்தால் புல் தனியாகத் தெரியும். ஆண்டுச் சராசரி எடுப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். சோலைக்கும் சீகைக்கும் இந்த வழி உதவாது, இரண்டும் இலை உதிர்க்காதவை. அதற்கு லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் பழைய படங்கள் வேண்டும்: அன்று புல்லாக இருந்து இன்று ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் இடம், பெரும்பாலும் சீகையோ பைனோ கற்பூர மரமோ தேயிலையோதான்.

சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்களை ஆண்டுவாரியாக ஒப்பிடுவோர் விழும் குழி ஒன்று உண்டு. 2022 ஜனவரி 25 முதல், ஒளியின் அளவைக் குறிக்கும் அதன் எண்களோடு 1000 கூட்டித் தரப்படுகிறது. சிவப்பு 400, அகச்சிவப்பு 3600 என்றால் குறியீடு 0.8. கூடுதல் 1000-ஐக் கழிக்காமல் 1400, 4600 என்று போட்டால் 0.53 வரும். மலையில் ஓர் இலைகூட உதிராமலே காடு அழிந்ததாக வரைபடம் சொல்லும்! மேக நிழலும், காலை பத்தரை மணி வெயில் விழாத வடமேற்குச் சரிவுகளும் எண்ணைக் கெடுக்கும். அவற்றை முதலிலேயே நீக்கிவிட வேண்டும்.

களத்தில் சரிபார்க்கும் இடம் ஒரே வகைத் தாவரம் குறைந்தது 30 மீட்டருக்கு 30 மீட்டர் பரவிய இடமாக இருக்கட்டும். படத்தின் ஒரு பிக்சல், அதாவது ஒரு கட்டம், தரையில் 10 மீட்டர், ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டினால், ஓரத்தில் எடுத்த புள்ளி பக்கத்துப் பிக்சலில் போய் விழும்.

இந்திய வன ஆய்வு நிறுவனம், 1 ஹெக்டேருக்குக் குறையாமல் 10 விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை (மரத்தலைகளின் விரிப்பு) உள்ள நிலத்தை, என்ன மரம் என்று பாராமல் வனப்பரப்பில் சேர்க்கிறது. அது அவர்கள் வெளிப்படையாகச் சொல்லும் வரையறை. அதை வாழிடக் கணக்காகப் படிப்பது நம் பிழை.

கோடியக்கரையில் வெளிமான் மேயும் திறந்தவெளியில் சீமைக் கருவேலம் பரவுவதும் படத்தில் பசுமையாகவே தெரியும். அங்கே கோடைப் படமும் கைவிடும், ஏனெனில் உலர் பசுமைமாறாக் காடும் அப்போது பச்சையாகவே இருக்கும். களப்புள்ளிகள் எத்தனை, எந்த மாதத்துப் படம் என்ற இரண்டும் குறிப்பிடப்படாத வரைபடத்தைத் தங்கள் நாளிதழ் வெளியிடாமல் இருப்பது நல்லது.

தொலையுணர்வு, தாவரவியல் துறை வாசகர்கள்,
உதகமண்டலம்