செயலாளரின் ஆண்டறிக்கை: விதி ஒன்றுதான், சுமை ஒன்றல்ல

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் படிவம், பதிவேடு, லைசென்ஸ் புதுப்பிப்பு என்றுதான் போய் நின்றது.

புதிதாக ஒரு விதி வந்தால் அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆகும் நேரம் சிறு தொழில் செய்யும் நமக்கும் பெரிய கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அங்கே அதற்கென்றே வக்கீலும் ஆடிட்டரும் சம்பளத்தில் இருக்கிறார்கள், அந்தச் செலவும் லட்சக்கணக்கான பொருள்களின் மேல் பரவி ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. நம்மிடம் வாங்குவது, விற்பது, கணக்கு எழுதுவது எல்லாம் ஒரே ஆள், அவர் ராத்திரி உட்கார்ந்துதான் படிவம் நிரப்ப வேண்டும்.

கூட்டத்தில் நான் சொன்ன அமெரிக்க உதாரணத்தை இங்கேயும் பதிவு செய்கிறேன். 2007இல் பெயின்ட்டில் ஈயம் இருந்ததால் மேட்டல் போன்ற பெரிய நிறுவனங்கள் பொம்மைகளைத் திரும்பப் பெற்றன. மறுவருடமே கடுமையான சட்டம் வந்தது, குழந்தைகளுக்கான பொருள்களை வெளி ஆய்வகத்தில் சோதித்தாக வேண்டும் என்று. வீட்டில் மரப்பொம்மை செதுக்குகிறவருக்கும் அதே விதி. ஆனால் 2009இல் மேட்டல் அந்தச் சோதனையைச் செய்யத் தன் சொந்த ஆய்வகங்களுக்கே அங்கீகாரம் வாங்கிவிட்டது! தவறு நடந்தது ஓரிடம், பாரம் விழுந்தது வேறிடம். சிறு தயாரிப்பாளர்கள் விடாமல் பேசியதால் 2011இல் திருத்தம் வந்து சில சோதனைகளில் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. ஈய பெயின்ட் சோதனை மட்டும் எல்லோருக்கும் அப்படியே இருந்தது, அது சரியானதும்கூட.

விதிகளே வேண்டாம் என்று சில உறுப்பினர்கள் வாதிட்டார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தொழிலாளியின் பாதுகாப்பிலும் வாங்குபவரின் உடல்நலத்திலும் சிறியவர் பெரியவர் கிடையாது. ஆள் எண்ணிக்கையை வைத்து மொத்தமாக விலக்கு கொடுப்பதிலும் சிக்கல் உண்டு. பிரான்சில் 50 பேரைத் தொட்டதும் கூடுதல் கடமைகள் வருவதால் 49இலேயே நின்றுவிட்ட நிறுவனங்கள் பல.

அதனால் அரசுக்கு நாம் கொடுத்த மனுவில் கேட்டது இவ்வளவுதான்: ஒரே தகவலை நான்கு அலுவலகங்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டாம், விதி மாறினால் தயாராக அவகாசம் வேண்டும், முதல் தடவை எழுத்துப்பிழைக்கு அபராதம் போடாமல் திருத்தச் சொல்ல வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. அப்புறம் ஒரு வேண்டுகோள், படிவ வேலைக்கு வாரம் எத்தனை மணி நேரம் போகிறது என்பதை ஒவ்வொருவரும் மூன்று மாதம் குறித்துக் கொடுங்கள். அடுத்த மனுவோடு அதை இணைக்கப் போகிறோம்.