சுமைகூலி முக்கால் பணம்

அன்புள்ள மாப்ளே,

ஏழு மாதமாகப் பதில் போடாதவனுக்கு என்ன மரியாதை? திட்டிவிட்டே மேலே படி. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை அம்மா சொன்னார்கள். இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்கு மட்டும் என் மேல் கோபம். அந்தக் கோபத்தின் கதைதான் இந்தக் கடிதம்.

குண்டன் உன்னிடம் உளறிவிட்டான் என்று தெரியும். ஆமாம், துப்பாக்கி வாங்கிவிட்டேன். கேள்விப்பட்டவர்கள் எல்லாம் "உனக்கு எதற்குடா?" என்றுதான் கேட்டார்கள். நீ ஒருவன்தான் "வாங்கினாயா, கட்டினாயா?" என்று கேட்டிருக்கிறாய். காயலாங்கடையில் பொறுக்கிய சாமானில் யெஸ்டி பைக் கட்டியவனுக்கு வேறென்ன தோன்றும்!

உண்மையில் கட்டத்தான் நினைத்தேன். இங்கே டெக்சாஸில் சட்டப்படி துப்பாக்கி என்றால் எது தெரியுமா? ரிசீவர் என்கிற வெறும் அலுமினியக் கூடு. குழல் இல்லை, விசை இல்லை, ஒரு ஈயைக்கூட அடிக்க முடியாது. ஆனால் வரிசை எண் அதில்தான் இருக்கும், அதனால் அதுதான் துப்பாக்கி. மீதி எல்லாம் வெறும் சாமான். பேரல் என்கிற குழல், ட்ரிக்கர் என்கிற விசை, தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட், தோளில் வைக்கிற கட்டை எல்லாம் பார்சலில் வரும். சாம்பார் பொடி கொண்டுவருகிற அதே ஆள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். கூட்டுக்கு மட்டும் லைசென்ஸ் உள்ள கடைக்கு நேரில் போய் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்கு என் விவரத்தை அனுப்பினார். ஒரு காபி குடிக்கிற நேரத்தில் சரி என்று வந்துவிட்டது. வேலைக்கு வந்த எச்1பி விசாவில் இருந்தவரை வேட்டை லைசென்ஸ் மாதிரி ஏதாவது விலக்கு இருந்தாலொழிய நான் இதைத் தொடவே கூடாது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. உன் மாமனார் அந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியின் லைசென்ஸைப் புதுப்பிக்க எத்தனை நடை நடந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டாதே.

எந்தத் துப்பாக்கி என்று கேட்பாய். ஆபீஸில் எல்லோரும் ஏஆர்-15 கட்டு என்றார்கள். ஏஆர் என்றால் ஆர்மலைட் ரைஃபிள், யூஜின் ஸ்டோனர் 1950களில் வரைந்தது. இன்று ஊர்பட்ட கம்பெனிகள் அதற்குச் சாமான் செய்கின்றன, பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் அது சாப்பிடுகிற தோட்டா ஒன்று நாற்பது, ஐம்பது சென்ட். எனக்கு வேண்டியது என்.சி.சி.யில் படுத்துக்கொண்டு ஐந்து ஐந்தாகச் சுட்டோமே, அந்த பாயின்ட் டூ டூ என்கிற சின்னத் தோட்டா. அது ஏழெட்டு சென்ட்தான். ஆகவே ரூகர் கம்பெனியின் 10/22. 1964இலிருந்து வருகிறது. ஒரு தடவை லோட் செய்தால் விசையை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகச் சுடும். பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசின், சுழல்கிற மாதிரி, வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது. பேரலைப் பிடித்திருப்பது இரண்டே இரண்டு ஸ்க்ரூ. உன்னிடம் கொடுத்தால் ராத்திரிக்குள் கழற்றிப் போட்டு, காலையில் ஒரு ஸ்ப்ரிங்கைத் தேடிக்கொண்டிருப்பாய்.

சரி, கணக்குக்கு வருகிறேன். தனித்தனியாக வாங்கிக் கட்டினால் ரிசீவர் 160 டாலர், பேரல் 180, போல்ட் 130, ட்ரிக்கர் 90, கட்டை 140. மொத்தம் 700. கடையில் மாட்டி வைத்திருந்த முழுத் துப்பாக்கி 279, வரியோடு 302. மூன்று நாள் அந்தக் காகிதத்தை வெறித்துப் பார்த்தேன். ஏன் இப்படி என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஷோரூமில் ஒரு வண்டி விலைக்கு ஒரு வண்டி கிடைக்கும். அதையே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நட்டு நட்டாக வாங்கினால் இரண்டரை வண்டி விலை ஆகும். கம்பெனி பேரலை லட்சக்கணக்கில் செய்கிறது, நான் ஒரே ஒன்றைச் சில்லறை விலைக்கு, பார்சல் கூலியோடு வாங்குகிறேன். என்ன வேண்டும் என்று முதல் நாளே தெரிந்து, கம்பெனி பேரல், கம்பெனி கட்டை எல்லாவற்றையும் எப்படியும் தூக்கிப் போடப் போகிறவனுக்குக் கட்டுவது லாபம். எனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. வாங்கினேன்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் என் பர்ஸாவது பிழைத்திருக்கும்.

ஐம்பது கஜத்தில் ஐந்து தோட்டா சுட்டால் இரண்டு அங்குலத்துக்குப் பரந்தது. நம் ஹவில்தார் பார்த்திருந்தால் மைதானத்தை எத்தனை சுற்று ஓடவிட்டிருப்பார்! குற்றம் பேரலில்தான் என்று நானே தீர்ப்பு எழுதி, தடித்த பேரல் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். வந்தது. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினேன், ரிசீவரில் அழகாக உட்கார்ந்தது. கட்டையில் வைத்தால் பள்ளத்தில் இறங்க மாட்டேன் என்கிறது. 0.920 அங்குலத் தடிமனுக்கு வேறு கட்டை வேண்டும் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தான். படிக்காதது நான். ஆகவே 140க்குக் கட்டை. 180ம் 140ம் 320. துப்பாக்கி விலையைத் தாண்டிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று உன் ஆத்தா அந்த யெஸ்டியைப் பார்த்துச் சொல்வார்களே, அதேதான்.

இன்னும் இருக்கிறது கேள். கட்டை வர இரண்டு வாரம் ஆனது. அதற்குள் கை அரித்ததால் பழைய பேரலையே மாட்டிக்கொண்டு ரேஞ்சுக்குப் போனேன். பக்கத்து மேசையில் ஒரு தாத்தா. என் குறி அட்டையைப் பார்த்து, எதுவும் சொல்லாமல் தன்னுடைய தோட்டாப் பெட்டியை நகர்த்தினார். மலிவு மூட்டைச் சரக்கு இல்லை, கொஞ்சம் நல்ல ரகம். அதே துப்பாக்கி, அதே பேரல், அதே நான். ஐந்தும் ஓர் அங்குலத்தைவிடச் சற்றே அதிகமான அகலத்துக்குள் கூடி நின்றன! பாயின்ட் டூ டூ துப்பாக்கிக்கு வாய் ருசி உண்டாம், ஒன்றுக்குப் பிடித்த தோட்டா இன்னொன்றுக்குப் பிடிக்காதாம். நாலைந்து ரகத்தில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும் என்றார். ஐம்பது டாலர் வேலை. பிறகு கட்டை வந்து புதுப் பேரலையும் மாட்டினேன். 320 டாலருக்குக் கிடைத்த முன்னேற்றம் ஒரு பட்டாணி அகலம்.

சுட்டு முடித்ததும் என்னையறியாமல் குனிந்து சுட்ட தோட்டாக்களின் காலி கேஸ்களைப் பொறுக்கி எண்ண ஆரம்பித்துவிட்டேன். தாத்தா சிரித்தார். இந்தக் கேஸை மறுபடி நிரப்ப முடியாது, எதற்குப் பொறுக்குகிறாய் என்றார். என்.சி.சி.யில் ஒரு கேஸ் குறைந்ததற்கு டார்ச் லைட்டோடு மைதானத்துப் புல்லைத் தடவிய ராத்திரியை அவருக்கு எப்படிச் சொல்வேன்? கடைசியில் அது யார் பாக்கெட்டில் இருந்தது என்று இன்றுவரை நீ ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கே தோட்டா விலையில் 11 சதவீத மத்திய வரி இருக்கிறது. 1937ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி அது காட்டு விலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. நான் அட்டையைச் சுடச் சுட எங்கேயோ ஒரு மானுக்குப் புல் முளைக்கிறது என்று உன் தங்கச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அவள் கோபம் பணத்தைப் பற்றியது இல்லை, மாப்ளே. முதல் நாள் பெட்டியைப் பிரித்தபோது பாப்பா வந்து நின்றாள். இங்கே பள்ளிக்கூடத்தில் துப்பாக்கியோடு யாராவது புகுந்தால் ஒளிந்துகொள்ள லாக்டவுன் பயிற்சி என்று ஒன்று நடத்துகிறார்கள். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூலையில் சத்தம் போடாமல் உட்கார வேண்டும். இவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து உட்கார்ந்து வருகிறாள். பெட்டியைப் பார்த்து, "அப்பா, நாங்க ஒளிஞ்சிக்கிறது இதுக்காகவா?" என்று கேட்டாள். இல்லை என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை. சின்னத் தோட்டா, அட்டையைத்தான் சுடுவேன் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அது ஆளைக் கொல்லும். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லாத ஒரு ராத்திரி வராது என்று நான் எப்படிச் சொல்வது?

விற்றுவிடுவதா என்று இரண்டு வாரம் பேசினோம். இப்போதைக்கு ஒரு ஏற்பாடு. சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டி, அதன் நம்பர் என்னிடம். தோட்டா வேறு அறையில், வேறு பெட்டியில், அதன் சாவி உன் தங்கச்சியிடம். எனக்குச் சுட வேண்டும் என்றால் அவளிடம் போய் நிற்க வேண்டும். பாப்பாவிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. உன் பெரியவள் இந்த மாதிரி ஏதாவது கேட்டால் நீ என்ன சொல்வாய்? விளையாட்டாகச் சொல்லாமல் யோசித்து எழுது.

இந்தச் சனிக்கிழமை சாவி கிடைக்குமா தெரியாது. மாமியாருக்குப் போன் பண்ணினால் பரிசீலிக்கலாம் என்று தீர்ப்பு வந்திருக்கிறது. போன் பண்ணிவிட்டு வருகிறேன். யெஸ்டிக்கு கார்புரேட்டர் கிடைத்ததா?

உன்,
நெட்டை