கன்றிடம் எப்படிக் கேட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொம்பு வளராமலிருக்கக் கொம்புக் குருத்தைச் சூட்டுக்கோலால் சுட்டால் கன்றுக்கு மனம் சோர்ந்துவிடும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததாக, சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு துணுக்கு வந்திருந்தது. எங்கள் ஊர் பால் சொசைட்டியில் அதைப் படித்துக்காட்டியதும் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, கன்னுக்குட்டிகிட்டப் போய்க் கேட்டாங்களாமா?" எல்லோரும் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். கேட்கத்தான் செய்தார்கள். எப்படி என்பதைத்தான் உங்கள் துணுக்கு விட்டுவிட்டது.

2013-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு அது. கன்றின் எதிரே ஒரு திரை. அதில் வெள்ளை, சிவப்பு என இரண்டு நிறங்கள் மாறி மாறி வரும். ஒன்றை மூக்கால் தொட்டால் பால் வரும். மற்றதைத் தொட்டால் பால் கிடையாது, கொஞ்ச நேரம் காத்துக் கிடக்க வேண்டும். கன்றுகள் பழகிக்கொண்டன. அப்புறம் இரண்டுக்கும் இடைப்பட்ட இளஞ்சிவப்பைக் காட்டினார்கள். பாலா, ஏமாற்றமா? கன்றுதான் முடிவு செய்ய வேண்டும். குருத்தைச் சுட்ட அன்றும் மறுநாளும் அந்த இடைநிறத்தைத் தேடி வந்து தொட்டது முன்பைவிடக் குறைந்துபோனது. தாயிடமிருந்து பிரித்த கன்றுகளும் இப்படித்தான் பின்வாங்கின என்று அதே குழு 2014-ல் எழுதியது.

சுட்ட கன்று தலையை உதறும், காதை அடித்துக்கொள்ளும். கால்நடைத் துறையில் வேலை பார்த்த எனக்கு அது பழகிய காட்சி. ஆனால் அது வெறும் உடம்பின் துடிப்பு என்று யாரும் வாதாடலாம். கொம்புக்கும் திரையின் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்? வலி அங்கேயும் போய்க் கன்றின் எதிர்பார்ப்பைக் கெடுக்கிறது என்பதுதான் விஷயம். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ராத்திரி போன் அடித்தால் நமக்கு நல்ல செய்தியா தோன்றும்? சரி, கன்றும் நம்மைப் போலவே துக்கப்படுகிறது என்று அவர்கள் சொல்லவில்லை. எதிர்பார்ப்பு மங்கியது, வலியால் உணர்வு நிலை மோசமாக மாறியது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். உங்கள் தலைப்பு 'சோகக் கன்றுகள்' வரை போய்விட்டது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. "சுட்டு முடிச்சதும் பால் குடிச்சிருச்சுங்க, வலியெல்லாம் போச்சு" என்பார்கள் மாட்டுக்காரர்கள். கண்ணோரத்துக்கும் கொம்புக்கும் நடுவே போடும் மரப்பு ஊசியைக்கூடப் பல இடங்களில் போடுவதில்லை. போட்டாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அதற்குப் பிறகான வலிக்கு மெலாக்சிகாம் போன்ற மருந்து தனியாகக் கொடுக்க வேண்டும். சோகம் என்று எழுதினால் சொசைட்டியில் சிரிப்பார்கள். திரையையும் பாலையும் சொன்னேன். கேள்வி கேட்டவரே அந்த ஊசி என்ன விலை என்று விசாரித்தார்.

அடுத்த முறை இப்படிப்பட்ட செய்தி போடும்போது, மிருகத்துக்கு எதைக் காட்டினார்கள், அது என்ன செய்தது என்று இரண்டு வரியாவது சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
கோபிசெட்டிபாளையம்